1,40,000 ரூபாய் போச்சு: வெளிநாட்டில் மொழியியல் படிக்க கன்சல்டன்சி பக்கம் போறவங்க படிச்சிட்டுப் போங்க

நேத்து சாயங்காலம்தான் விஷயம் தெரிஞ்சது. ராத்திரி தூங்கலை. கோபத்துல எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கங்க. யாரும் ஏமாறாம இருக்க என்னென்ன செய்யணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

1,40,000 ரூபாய். அதுல 58,000 நான் ரெண்டு வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துச் சேர்த்தது. மீதி 82,000 எங்க அக்கா ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கையில கொடுத்தது.

என் எம்.ஏ. புராஜெக்ட் திருப்பூர் கடைப் பலகைகள். ரீசார்ஜ் கடையில இந்தி, மெஸ் வாசல்ல ஒடியா, பனியன் கம்பெனி கேட்டுல "ஆட்கள் தேவை" மூணு மொழியில. நானூறு போட்டோ எடுத்து, எந்த மொழி மேல இருக்கு, எது கீழே பொடி எழுத்துல இருக்குன்னு அட்டவணை போட்டவ நான். இதையே இன்னும் ஆழமாப் படிக்கணும்னு ஆசை. சுவீடனைப் பிடிச்சதுக்குக் காரணம் இருக்கு. 2009ல சட்டம் போட்டு சுவீடிஷை முதன்மை மொழின்னு அறிவிச்ச நாடு, கூடவே சாமி, மியான்கியெலி உட்பட அஞ்சு சிறுபான்மை மொழிகளையும் அங்கீகரிச்சு வச்சிருக்கு. குடியேறி வந்தவங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துலயே தாய்மொழி வகுப்பு உண்டு. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்துல இருமொழியத்துக்குன்னே ஒரு ஆய்வு மையம் இருக்கு. திருப்பூர்ல ஒடியாக்காரங்க பிள்ளைங்க என்ன மொழியில படிக்குதுங்கன்னு பார்த்தவளுக்கு அந்த ஊர் மேல கண்ணு போகாதா?

வீட்டுல "மொழி படிக்க எதுக்குடி வெளிநாடு, இங்கேயே பேசிக்கலாமே"ன்னாங்க. அந்த நேரத்துலதான் ஒரு கன்சல்டன்சிக்காரர்கிட்ட போய்ச் சேர்ந்தேன். பேர் போடலை. கோயமுத்தூர்ல, மாடியில ஏசி ஆபீஸ், சுவர் முழுக்க உலக வரைபடம், விசா ஒட்டின பாஸ்போர்ட்டோட சிரிக்கிற பிள்ளைங்க போட்டோ. அந்த வகைன்னு வச்சுக்கங்க.

நான் விழுந்தது அந்தப் போட்டோவைப் பார்த்து இல்லை. "என்ன படிக்கணும் கண்ணு?"ன்னு கேட்டார். சொன்னேன். வீட்டுல பேசுற தமிழ் வேற, எழுதுற தமிழ் வேற, அதுக்கு டைக்ளாசியான்னு பேருங்க சார்ன்னேன். பேனாவை எடுத்து "ஸ்பெல்லிங் சொல்லு கண்ணு"ன்னு கேட்டு, டைரியில எழுதி, அடியில கோடு போட்டார். என் வாழ்க்கையில அந்த வார்த்தைக்கு ஸ்பெல்லிங் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அந்தக் கோட்டுக்குத்தான் நான் 1,40,000 கொடுத்தேன்னு இப்போ தோணுது.

அன்னிக்கே 40,000 கட்டினேன். டிசம்பர்ல மீதி ஒரு லட்சம், அதுவும் அவரோட சொந்த ஜிபே நம்பருக்கு. கம்பெனி அக்கவுண்ட் ஆடிட்டிங்ல இருக்குன்னார். சரின்னுட்டேன்.

சுவீடனுக்கு எல்லாப் பல்கலைக்கும் சேர்த்து ஒரே அரசு இணையதளம். ஜனவரி 15க்குள்ள விண்ணப்பம், பிப்ரவரி தொடக்கத்துக்குள்ள சான்றிதழும் 900 குரோனா கட்டணமும். நம்ம பணத்துக்கு எட்டாயிரம் பக்கம். 13ஆம் தேதி "போட்டாச்சு கண்ணு, இனி நிம்மதியாத் தூங்கு"ன்னு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. விண்ணப்ப எண் இருந்தது. அதுக்குக் கீழே படத்தை வெட்டியிருந்தது என் கண்ணுல படலை.

மார்ச் கடைசியில முடிவு வரும்னு தெரியும். கேட்டேன். சர்வர் பிரச்சனைன்னாங்க. அப்புறம் ஈஸ்டர் லீவுன்னாங்க. அப்புறம் "சார் மீட்டிங்ல இருக்காருங்க". ஒருநாள் அதே ஆபீஸ் பொண்ணு "நீங்க எந்த நாட்டுக்குங்க?"ன்னு முதல்ல இருந்து கேட்டுச்சு. பாஸ்வேர்ட் கேட்டா "அது இன்டர்னல்".

நேத்து நேர்ல போய் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில அந்தப் பொண்ணுதான் பாவம் பார்த்து லாகின் பண்ணிக் காட்டுச்சு. கட்டணம் கட்டவே இல்லை. அதனால விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுக்கலை. 1,40,000 வாங்கின மனுஷன் எட்டாயிரம் கட்டலைங்க! எனக்காக எழுதின நோக்கக் கடிதத்தை, அதாவது ஏன் இந்தப் படிப்புன்னு பல்கலைக்குச் சொல்ற கடிதத்தை, திறந்து பார்த்தேன். மூணாவது பத்தியில "சின்ன வயசுல இருந்தே சப்ளை செயின் மேல எனக்குத் தீராத ஆர்வம்"னு இருக்கு. யாரோ ஒரு புண்ணியவானோட கடிதம்.

உள்ளே போய்க் கேட்டேன். கண்ணுன்னு கூப்பிட்ட வாய் மேடம்னு ஆரம்பிச்சுச்சு. "அஸ் பெர் அவர் பாலிசி, சர்வீஸ் சார்ஜ் நான் ரீஃபண்டபிள்." பத்து நிமிஷம், ஒரு வார்த்தை தமிழ் இல்லை. நார்வேயில ஒரு சின்ன ஊர்ல புளோம், கம்பர்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் செஞ்ச ஆய்வு 1972ல வந்துச்சு, எங்க பாடத்துல உண்டு. அரசு அலுவலகத்துக்கு வர்றவங்க குமாஸ்தாகிட்ட குடும்ப நலத்தை ஊர்ப் பேச்சுல விசாரிச்சிட்டு, வேலை விஷயம் வந்ததும் பொது வழக்குக்கு மாறுவாங்க. அதை நான் செமினார் எடுத்தேன், கை தட்டினாங்க. இவரும் அதேதான்: பணம் வாங்குற வரைக்கும் கொங்குத் தமிழ், திருப்பிக் கேட்டா இங்கிலீஷ். காதுல விழுந்தும் உறைக்கலையே எனக்கு!

கிளம்பும்போது இன்னொன்னு சொன்னார். வேற நாட்டுல ஒரு தனியார் கல்லூரி, பிசினஸ் மேனேஜ்மென்ட், செப்டம்பர் இன்டேக், சீட் கேரண்டியாம். ஆள் சேர்த்தா கமிஷன் வர்ற இடம் போலிருக்கு. மொழியியலுக்கு யார் கமிஷன் தருவா.

விவரமா சொல்றேன்னேன், இப்போ முடியலை. சுவீடனுக்கு ஏஜென்ட்டே வேண்டாம், நாமே போடலாம். கணக்கை உங்க மின்னஞ்சல்ல தொடங்குங்க, பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க. தனி ஆள் ஜிபேக்கு ஒத்தை ரூபா போடாதீங்க. கடிதத்தை நீங்களே எழுதுங்க. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க, முழுப் பக்கத்தைக் கேளுங்க.

1915 நுகர்வோர் உதவி எண்ணுல புகார் சொல்லியிருக்கேன். நுகர்வோர் கோர்ட்டுல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லைன்னாங்க, அதையும் பார்க்கணும். இதே மாடிக்கு ஏறினவங்க இருந்தா உள்பெட்டிக்கு வாங்க, சேர்ந்து போவோம்.

அக்காகிட்ட இன்னும் சொல்லலை. வர்ற அஞ்சாம் தேதி அவ சீட்டுத் தவணை கட்டணும்.