முதல் டிரையத்லானுக்குச் சாதாரண ரோடு சைக்கிளே போதும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானில் இறங்கப்போகிற தம்பிமார் பலரும் முதலில் ஆசைப்படுவது டிடி (டைம் டிரையல்) சைக்கிளுக்குத்தான், முழங்கையை ஊன்றிப் படுத்தவாக்கில் ஓட்டுவார்களே, அது. நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் பழகுகிறவர்களுக்கு அது இப்போதைக்கு வேண்டாம். நான் ஓட்டுவது அலுமினிய பிரேம், ஷிமானோ கம்பெனியின் தொடக்கநிலை கிளாரிஸ் கியர், வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு சைக்கிள். முதல் பந்தயத்துக்கு இது தாராளம்.

எல்லாம் காற்றால்தான். தனுஷ்கோடி சாலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து கடைசி முனையான அரிச்சல்முனை போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், ஸ்பிரிண்ட் எனும் குறுந்தூர டிரையத்லானில் சைக்கிளுக்கு உள்ள தூரமும் அதுதான். இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க மரம் மட்டை கிடையாது. ஆடியில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) போகும்போது வலப்பக்கமும் வரும்போது இடப்பக்கமும் அறையும். டிடி சைக்கிளில் படுத்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது, அதற்குக் கையை எடுத்து வேறு பிடிக்கு மாற்ற வேண்டும், அதற்குள் காற்று ஒரு தள்ளு தள்ளிவிட்டால் மணலுக்குள் போய்விடுவோம். ரோடு சைக்கிளில் விரல் பிரேக் மேலேயே கிடக்கும். உயரமான ரிம் உள்ள கார்பன் சக்கரத்தையும் பக்கக்காற்று பிடித்துத் தள்ளும் என்பதால் தவிர்த்துவிடுங்கள், குறிப்பாகப் பாம்பன் பாலத்தில்.

குறை இல்லாமல் இல்லை. கூடவே வந்த 25 மில்லிமீட்டர் அகல டயர் இந்த ஊருக்கு ஆகாது. சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேல முள், பஞ்சர் ஒட்டியே நேரம் போய்விடும். முள் தாங்குகிற 28 டயர் மாற்றியபிறகுதான் நிம்மதி. வாங்கும்போதே 28 நுழையுமா என்று கேட்டுவிடுங்கள், 32 நுழைந்தால் இன்னும் நல்லது. சீட்டும் கல்லு மாதிரி இருந்தது, அதையும் மாற்றினேன்.

கியர் எத்தனை என்று பார்ப்பதைவிட சைஸ் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், பிரேக்கைப் பிடிக்கத் தோளை இழுக்கக் கூடாது. சைஸ் தப்பினால் இறங்கி 5 கிலோமீட்டர் ஓடும்போது முதுகு காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடை பாருங்கள். படுத்து ஓட்டும் ஆசை அப்புறமும் போகவில்லை என்றால், இதே சைக்கிளின் ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்ற ஏரோபார் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் சில பந்தயங்களில் அதற்கு அனுமதி இல்லை, விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் உப்பு. அலுமினியம் ஓரளவு தாங்கும், செயினும் போல்ட்டும் தாங்காது. தனுஷ்கோடி போய் வந்த அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.