காலப்பயண ஃபேன்ஃபிக் படித்து மனம் விட்டு அழ ஓர் இடம்: ஏஓ3 தளம் பற்றி

போன மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, போனில் ஒரு கதை படித்தேன். விழுப்புரம் தாண்டும்போது ஆரம்பித்தது, திண்டுக்கல் வருவதற்குள் மூக்கு அடைத்துவிட்டது. கீழ் பெர்த்தில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "என்னம்மா, ஜலதோஷமா? மாத்திரை இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டார். கதை படிக்கிறேன் அம்மா என்றேன். அப்படி என்ன கதை என்றார். ஹாரி பாட்டர், மந்திரம், காலப்பயணம் எல்லாம் எதற்கு என்று, "செத்துப்போன கூடப்பிறந்தவனப் பார்க்க ஒருத்தன் பழைய காலத்துக்கே திரும்பிப் போறான்மா" என்று மட்டும் சொன்னேன்.

"பார்த்தானா?"

"பார்த்துட்டான்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "குடுத்து வச்சவன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கதையைப் படித்தது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தில். தங்களுக்குப் பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதுகிற ஃபேன்ஃபிக் கதைகளுக்கான இடம். படிக்கிறவர்கள் எல்லோரும் சுருக்கி ஏஓ3 என்பார்கள். அங்கே ஒரு கோடிக்கும் மேல் படைப்புகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல என்னால் ஆகாது. நான் அங்கே போவதே காலப்பயணக் கதைகளுக்காக, அதிலும் நெஞ்சை அறுக்கிற இடங்களுக்காக. அதனால் அந்தக் கண்ணோடுதான் இந்த விமர்சனமும்.

முதலில் அந்த ரயில் கதை. ஹாரி பாட்டர் படித்தவர்களுக்கு ஃப்ரெட், ஜார்ஜ் என்ற இரட்டையரைத் தெரியும். 1998 மே 2, ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளியில் நடக்கிற போரில் ஃப்ரெட் இறந்துபோவான், முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கும். ஜார்ஜுக்கு அதற்கு முந்தைய வருடமே ஒரு காது போயிருக்கும். கதையில் ஜார்ஜுக்கு முப்பது வயது. பழைய காலத்துக்குப் போய், இரண்டு பேருமாகத் திறந்த கடைக்குள் நுழைகிறான். போர் இன்னும் வரவில்லை, ஃப்ரெட் கல்லாவுக்குப் பின்னால் நின்று அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறான். ஜார்ஜ் காது தெரியாதபடி முடியை இழுத்து விட்டுக்கொள்கிறான். அதற்கென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவன். ஆனால் ஃப்ரெட் காதையே பார்க்கவில்லை. கண்ணோரச் சுருக்கத்தைப் பார்க்கிறான், நெற்றியில் ஏறியிருக்கும் முடியைப் பார்க்கிறான், முதலில் சிரிக்கிறான், அப்புறம், "எனக்கு இல்லாத வயசு உனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறான். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே விடை தெரிந்துவிடுகிறது. கையில் இருந்த பெட்டியைக் கீழே வைக்கிறான், கவனமாக, சத்தமே வராமல்.

நான் அழுதது அந்தப் பெட்டியை வைக்கிற இடத்தில்.

பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத இரட்டையர், வயசால் பிரிந்துபோகிறார்கள். மூலக்கதையில் இந்தக் காட்சி இல்லை, அங்கே இருக்கவும் முடியாது. யாரோ ஒருவர், காசு எதுவும் வாங்காமல், ஃப்ரெட் போன துக்கம் தீராமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

ஹாரி பாட்டரில் இப்படிக் காலப்பயணக் கதைகள் குவிவதற்குக் காரணம் மூலத்திலேயே இருக்கிறது. 1999-இல் வந்த மூன்றாம் புத்தகத்தில் காலத்தில் பின்னால் போக டைம் டர்னர் என்ற கருவி வரும். ஏரிக்கரையில் ஹாரியைக் காப்பாற்றுவது யார்? அவன் அப்பா என்று நினைத்திருப்பான். காலத்தில் பின்னால் போய் அதே கரையில் ஒளிந்து நின்று, அப்பா இப்போது வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று காத்திருப்பான். யாரும் வர மாட்டார்கள். தான் பார்த்தது தன்னையேதான் என்று அப்போதுதான் உறைக்கும். எனக்குக் காலப்பயணக் கதையின் மொத்த வலியும் அந்த ஒரு காத்திருப்பில் அடங்கியிருக்கிறது. அந்தக் கருவியின் விதிப்படி நடந்ததை மாற்ற முடியாது. ஐந்தாம் புத்தகத்தில் மந்திர அமைச்சகத்தின் டைம் டர்னர்கள் மொத்தமும் உடைந்தும் போகும். ஆனால் ரசிகர்கள் விடுவார்களா? சடங்கு, மருந்து, செத்து விழுந்து சிறுவனாகக் கண் விழிப்பது என்று ஆயிரம் வழி கண்டுபிடித்து, 1981 அக்டோபர் 31-க்கு முன்னால் எப்படியாவது போய் நின்றுவிடுகிறார்கள். அன்றைக்குத்தான் ஹாரியின் அப்பா அம்மா கொல்லப்பட்டார்கள். அன்றைக்குப் பிறகுதான் ஹாரி அப்பாவின் நண்பன் சிரியஸ் விசாரணையே இல்லாமல் பன்னிரண்டு வருடம் அஸ்கபான் சிறையில் கிடந்தான்.

நிறைய படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தக் கதைகளில் சாவு அவ்வளவாக அழ வைப்பதில்லை. ஒருத்தருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறதே, அதுதான் அழ வைக்கிறது. இன்னொரு கதையில் ஹாரி அப்பாவின் இன்னொரு நண்பன் ரீமஸ் 1971-க்குத் திரும்பி, பதினோரு வயது உடம்பில் ஹாக்வார்ட்ஸ் ரயிலில் கண் விழிக்கிறான். எதிரே பீட்டர். நண்பர்களைக் காட்டிக்கொடுத்துச் சாகடிக்கப் போகிற அதே பீட்டர், இப்போது வீட்டை விட்டு முதல் முறை வந்த பயத்தில் கை நடுங்குகிற குண்டுப் பையன். அம்மா கட்டிக் கொடுத்ததை எடுத்து முதலில் ரீமஸிடம்தான் நீட்டுகிறான். வாங்குவதா, வேண்டாமா? எழுதியவர் இந்த ஒரு கேள்வியில் ஒரு முழு அத்தியாயம் நிற்கிறார். இன்னும் செய்யாத பாவத்துக்கு ஒரு குழந்தையை வெறுக்க முடியுமா, வெறுக்காமல்தான் இருக்க முடியுமா? வாரக்கணக்கில் ரீமஸ் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு ராத்திரி விடுதியில் விளக்கணைத்த பிறகு பீட்டர் இருட்டில் கேட்கிறான், "எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுற, என்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்குற?" அதைப் படித்த பிறகு மூலத்தில் பீட்டர் வருகிற பக்கங்களை என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. ஒரு ரசிகர் எழுதிய கதை மூலத்தையே எனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது.

அப்புறம் டெடி. ரீமஸுக்கும் டாங்க்ஸுக்கும் 1998 ஏப்ரலில் பிறந்த குழந்தை. ஒரு மாதம் ஆவதற்குள் அப்பா அம்மா இரண்டு பேரும் போரில் போய்விடுவார்கள். காலத்தில் பின்னால் போய் எல்லோரையும் காப்பாற்றிவிட்டால், அந்தக் குழந்தை பிறக்குமா? பெரும்பாலான கதைகள் இந்தக் கேள்வியைத் தொடாமல் நழுவிவிடுகின்றன, அது எனக்குக் குறைதான். தொடுகிற ஒரு சில கதைகளில், ஜெயித்த நாள் விருந்தில் எல்லோரும் உயிரோடு சிரித்துக்கொண்டிருக்க, ஹாரி மட்டும் எழுந்து வெளியே போய், அந்த உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெயரை ஒரு முறை சொல்லிவிட்டு உள்ளே வருகிறான். அழக்கூட அவனோடு சேர்ந்து அழ ஆள் இல்லை.

சரி, தளத்துக்கு வருகிறேன்.

இப்படிப்பட்ட கதைகளைத் தேடிப் பிடிக்க ஏஓ3 அளவுக்கு வசதியான இடம் நான் பார்த்ததில்லை. காரணம் டேக், அதாவது கதையில் என்ன இருக்கிறது என்று சொல்கிற குறிச்சொல். எழுதுகிறவர் தன் கதைக்கு எழுபத்தைந்து டேக் வரை போடலாம், எந்தச் சொல்லிலும் போடலாம். தன்னார்வலர்கள் உட்கார்ந்து, ஒரே பொருள் உள்ள டேக்குகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்கிறார்கள். அதனால் டைம் டிராவல் ஃபிக்ஸ்-இட் என்று ஒரே டேக்கை அழுத்தினால், நடந்த தப்பைச் சரிசெய்யப் போகிறவர்களின் கதைகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். அதற்குள்ளேயே வலி உண்டு ஆனால் முடிவு நல்லபடி என்பதற்கு ஒரு டேக், வலி மட்டும்தான், ஆறுதலே கிடையாது என்பதற்கு இன்னொரு டேக். முக்கியப் பாத்திரம் இறந்தால் எச்சரிக்கை தனியாக மேலேயே இருக்கும். எச்சரிக்கை போட விரும்பவில்லை என்று எழுத்தாளர் சொல்லவும் ஓர் ஏற்பாடு உண்டு, அப்படி இருந்தால் எதற்கும் தயாராகத்தான் உள்ளே போக வேண்டும்.

முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவை போய்விடாதா என்று என் தோழி கேட்டாள். எனக்குப் போவதில்லை. ஃப்ரெட் இறந்தவன் என்று தெரிந்துதானே கதைக்குள் போகிறேன்? காலத்தில் பின்னால் போகிறவனுக்கு என்ன தெரியுமோ அது எனக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒரே பாரத்தோடு உள்ளே நுழைகிறோம். அதோடு, எல்லா நாளும் எல்லா வலியையும் தாங்குகிற மனநிலை நமக்கு இருக்காது. வீட்டில் சாவு விழுந்த வாரத்தில் ஆறுதல் இல்லாத கதை எனக்கு வேண்டாம், அந்த டேக்கை விலக்கிவிட்டுத் தேடினால் அது கண்ணிலேயே படாது. படிக்கிறவரின் மனசை இவ்வளவு மதிக்கிற ஏற்பாட்டைப் பெரிய பதிப்பகங்களில்கூட நான் பார்த்ததில்லை.

தேடும்போது நான் முதலில் செய்வது, முடிந்த கதைகள் மட்டும் என்ற வடிகட்டியைப் போடுவது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஃபேன்ஃபிக்கில் மிகப் பெரிய மனவேதனை கதைக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. நாற்பது அத்தியாயம் எழுதி, நாயகனை 1981-இல் அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் தட்டுவதற்கு முன் எழுதுவதையே விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யாருக்கு வாழ்க்கையில் என்ன நேர்ந்ததோ. ஆனால் அந்த வாசலில் அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். என் பலம் தெரிந்து வடிகட்டியைப் போட்டுக்கொள்கிறேன். எத்தனை சொற்கள் என்றும் வரம்பு வைக்கலாம். நல்ல காலப்பயணக் கதைக்கு நீளம் தேவை, லட்சம் சொற்களுக்கு மேல் என்று வைத்தால் எனக்கு நல்ல கதைகள் கிடைக்கின்றன.

பதிவிறக்கம் இன்னொரு பெரிய வசதி. இபப், பிடிஎஃப் என்று வேண்டிய வடிவில் எடுத்துக்கொள்ளலாம், கணக்குகூடத் தேவையில்லை. சிக்னல் இல்லாத ரயிலில் நான் படித்தது அப்படித்தான். முன்பு வேறொரு தளத்தில் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்த கதைகள் ஒரே நாளில் காணாமல் போனதிலிருந்து, பிடித்ததை உடனே இறக்கி வைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

விளம்பரம் ஒன்றுகூட இல்லை. 2007-இல் தொடங்கிய ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ் என்ற லாபநோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது, நன்கொடையில் ஓடுகிறது. 2019-இல் அறிவியல் புனைவு உலகின் பெரிய விருதான ஹியூகோவே கிடைத்தது. கண்ணீர் வருகிற வரிக்கு நடுவில் பல்பசை விளம்பரம் குதிக்காது என்பதன் அருமை, மற்ற இடங்களில் படித்தவர்களுக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. அதிகாரப்பூர்வ ஆப் கிடையாது, பிரவுசரில்தான் படிக்க வேண்டும். கணக்கு தொடங்க அழைப்புக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். உனக்கு இது பிடிக்கும் என்று எதையும் எடுத்து நீட்டாது, நாமேதான் தேட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதில் திணறித்தான் போவார்கள். குடோஸ், அதாவது பிடித்திருக்கிறது என்று வாசகர்கள் அழுத்துகிற பொத்தானின் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் பழைய பிரபலமான கதைகளே மேலே நிற்கும், போன வாரம் வந்த அருமையான கதை அடியில் கிடக்கும். நான் மற்ற வாசகர்களின் புக்மார்க்குகளைப் பார்த்துத்தான் போவேன். என் ரசனை உள்ள ஒருவரைப் பிடித்துவிட்டால், அவர் குறித்து வைத்திருக்கிற கதைகள் எல்லாம் நமக்கும் ஒத்துவரும்.

பெரிய ஏக்கம் ஒன்று உண்டு. மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, ஆனால் கதைகள் கொஞ்சம்தான். பொன்னியின் செல்வனுக்கு அங்கே ரசிகர் கதைகள் வருகின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். காலப்பயணத்துக்கு அதைவிடப் பொருத்தமான கதை நம்மிடம் எது? கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் விழுகிற அந்த இரவுக்குத் திரும்பிப் போக ஆசைப்படாத வாசகர் உண்டா? இதில் ஒரு அழகான சிக்கலும் இருக்கிறது. கத்தியை வீசியது யார் கை என்று கல்கி தீர்த்துச் சொல்லவே இல்லை. தடுக்கப் போகிறவன் எந்தக் கையைப் பிடிப்பான்? வந்தியத்தேவனே எல்லாம் தெரிந்தவனாகத் திரும்பிப் போனால், இந்த முறை மணிமேகலையின் கண்ணை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியுமா? இதைத் தமிழில், கல்கியின் மனிதர்கள் பேசுகிற தமிழிலேயே யாராவது எழுதினால் லட்சம் சொல்லையும் ஒரே மூச்சில் படித்துவிடுவேன்.

படித்தால் குடோஸ் மட்டும் அழுத்திவிட்டு வராமல் இரண்டு வரி எழுதிவிட்டு வாருங்கள். ஜார்ஜ் கதை பல வருடம் முன்னால் முடிந்தது. எழுதியவர் அதற்குப் பிறகு வேறு எதுவும் எழுதவில்லை. இனி இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே, ரயில் திருநெல்வேலி சேரும் முன் சிக்னல் வந்ததும் அந்தப் பெட்டியை வைக்கிற காட்சியைப் பற்றியும், கீழ் பெர்த் அம்மா சொன்னதைப் பற்றியும் எழுதிப் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தன் அக்கா இறந்த வருடம் எழுதிய கதை என்றும், அதற்குப் பிறகு அதைத் திறந்தே பார்க்கவில்லை என்றும், என் கமெண்டைப் படித்துவிட்டு நேற்று முதல் முறை திறந்து படித்தேன் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில், அந்த அம்மாவுக்கு யார் போனார்கள் என்று கேட்டிருந்தார்.

நான் கேட்கவில்லை. திருநெல்வேலியில் இறங்கும்போது அவருடைய பையைத் தூக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.