‘பெண் எழுத்தாளர்கள்’ விருப்பப்பாடம்: படிக்க வேண்டியதும் பெறும் மதிப்பெண்ணும்

முதுகலைத் தமிழில் ‘பெண் எழுத்தாளர்கள்’ விருப்பப்பாடத்தை எடுக்கலாமா என்று அடுத்த அணி மாணவர்கள் கேட்டுவருவதால், எங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் அதைப் பருவம் முழுதும் பயின்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நூல்களின் தேர்வில் குறை சொல்ல அதிகமில்லை. மதிப்பெண்ணைப் பிரித்திருக்கும் முறையில்தான் எனக்கு மனத்தாங்கல்.

ஐந்து அலகுகளில் வெள்ளிவீதியார், ஔவையார் பாடல்களில் தொடங்கும் பாடத்திட்டம், ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை.மு.கோதைநாயகி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், ராஜம் கிருஷ்ணன் வழியாக அம்பை, பாமா, சல்மா வரை வருகிறது. இராமாமிர்தம் அம்மையார் எழுதி 1936இல் வெளிவந்த ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலைப் பாடமாக வைத்தது துணிச்சலான தேர்வு. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவரே அதை நாவலாக எழுதும்போது எது கதை, எது பிரசாரம் என்று எங்கே பிரிப்பது என்பதைப் பற்றி வகுப்பில் எழுந்த விவாதம், வேறெந்தத் தாளிலும் நான் காணாதது. ஆனால் ஈழத்துப் பெண்கள் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பை விட்டுவிட்டு நவீனப் பெண் கவிதையை நடத்துவது எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை.

தாளின் மொத்த மதிப்பெண் 100; பருவத்தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. அகமதிப்பீட்டில் தேர்வுகளுக்கு 15, கருத்தரங்க உரைக்கு 5, ஒப்படைப்புக்கு 5. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் சிக்கல்தான் என்பது எல்லாத் தாளுக்கும் உள்ள நிபந்தனை.

இதில் உண்மையான உழைப்பைக் கேட்பது அந்த 5 மதிப்பெண் ஒப்படைப்பு. ஒரு நாவலை முழுதாகப் படித்து, கதைச்சுருக்கத்தை ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட்டு, மீதியில் ஏதேனும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பக்க எண்களோடு வாதிட வேண்டும். முன்னுரையிலிருந்தோ கைடிலிருந்தோ எடுத்தெழுதியது தெரிந்தால் திரும்ப வந்துவிடும். நான் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ நாவலை எடுத்து, அளத்தில் பெண்கள் செய்யும் வேலையும் அவர்கள் கைக்கு வரும் கூலியும் எவ்வாறு சொல்லப்படுகின்றன என்று எழுதினேன். அதை எழுதிய ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் இணையத்திலேயே இலவசமாகப் படிக்க முடிந்தது. பேராசிரியர் ஓரங்களில் குறித்த கேள்விகள் என் கட்டுரையைவிடக் கூர்மையானவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பருவத்தேர்வோ வேறு உலகம். இரண்டு மதிப்பெண் வினாக்களில் அம்பையின் இயற்பெயர், பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ வெளிவந்த ஆண்டு போன்றவையே மிகுதி, சி.எஸ்.லக்ஷ்மி, 1992 என்று எழுத நூலைத் திறக்கவே வேண்டியதில்லை. பத்து மதிப்பெண் வினா ‘பாமாவின் படைப்பில் பெண்ணியச் சிந்தனைகளைத் தொகுத்துரைக்க’ என்று வந்தது. பேச்சுமொழியில் எழுதப்பட்ட ஒரு தன்வரலாறு, ஒரு தலித் கிறித்தவப் பெண் கன்னியர் மடத்துக்குள் போய் வெளியேறிய வரலாறு, இந்த வினாவுக்குள் எங்கே அடங்கும்? நூலை வாசிக்காமல் கைடு மட்டும் படித்த தோழியர் சிலர், உட்தலைப்பிட்டுப் பக்கங்களை நிரப்பி என்னைவிட நல்ல மதிப்பெண் பெற்றார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. கேட்டதற்குத்தான் விடை எழுதினார்கள்.

ஒப்படைப்பைப் பத்து மதிப்பெண்ணாக்கி அகத்தேர்வின் பங்கைக் குறைக்கலாம். ஒரு பத்தியைக் கொடுத்து அதை விளக்கச் சொல்லும் வினா ஒன்றையேனும் பருவத்தேர்வில் சேர்க்கலாம். பாடத்திட்டக் குழு நினைத்தால் இரண்டும் முடியும். மதிப்பெண் விழுக்காட்டை உயர்த்துவதற்காக மட்டும் இப்பாடத்தை எடுப்பவர்கள் கைடோடு நின்றுவிடலாம், தேர்ச்சி கிடைத்துவிடும். வாசிக்க வருபவர்கள், பருவம் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒப்படைப்புக்கான நாவலை முடிவுசெய்துவிடுங்கள். இராமாமிர்தம் அம்மையாரின் நாவலுக்கு எங்கள் நூலகத்தில் ஒரே படிதான் இருக்கிறது.