கொழிஞ்சாம்பாறை ஞாயிறு வகுப்பு: பாக்டீரியாவின் தற்காப்பைக் கண்டறிந்த வரலாறு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் உள்ள ஒரு டியூஷன் சென்டர், பிளஸ் டூ உயிரியல் மாணவர்களுக்காகத் தமிழில் நடத்திய நான்கு ஞாயிறு வகுப்புகளுக்கு என் மகளைச் சேர்த்துவிட்டு, ஆசிரியையின் அனுமதியுடன் நானும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டேன். வைரஸ்களிடமிருந்து பாக்டீரியா எவ்வாறு தப்புகிறது என்பதை மனிதர் கண்டறிந்த வரலாறே பாடம்; அதில் பெரும்பங்கு கிரிஸ்பர் என்னும் தற்காப்பு முறைக்கே. கட்டணம் மொத்தம் 400 ரூபாய்.

ஆய்வாளர்கள் திகைத்து நின்ற இடத்திலிருந்தே ஆசிரியை தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்தது. 1987இல் ஜப்பானின் ஒசாகாவில் இஷினோ குழுவினர், ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் ஒரு மரபணுவுக்கு அருகே டிஎன்ஏவின் 29 எழுத்துத் தொடர் ஒன்று 32 எழுத்து இடைவெளிகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டும், அதன் பயன் தெரியவில்லை என்றே எழுதினர். அந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அது எதற்காக இருக்கும் என்று பிள்ளைகளையே நெடுநேரம் யோசிக்க விட்டார். ஸ்பெயினின் உப்பளத்து நுண்ணுயிரிகளில் இதையொத்த அமைப்பைப் பார்த்திருந்த ஆய்வாளர் மொஹிக்கா, இடைவெளித் துண்டுகள் வைரஸ் டிஎன்ஏவுடன் பொருந்துவதை 2003இல் கண்டார். பல இதழ்கள் திருப்பி அனுப்பிய அக்கட்டுரை 2005இல்தான் அச்சேறியது என்று கேட்டபோது, என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பிள்ளைகள் பலர் இருந்ததால், மூன்றாம் வகுப்பு தனிக் களை கட்டியது. தயிர், சீஸ் ஆலைகளில் பாலை உறைய வைக்கும் பாக்டீரியாவை வைரஸ் அழித்துப் பெருநட்டம் விளைவிப்பதுண்டு. தாக்குதலில் பிழைத்த பாக்டீரியா அந்த வைரஸின் துண்டொன்றைத் தன் டிஎன்ஏவில் சேர்த்து வைத்திருப்பதையும், அத்துண்டை நீக்கினால் எதிர்ப்பாற்றல் போய்விடுவதையும், 2007இல் டானிஸ்கோ நிறுவனத்தின் பாராங்கூ, ஹோர்வாத் குழுவினர் மெய்ப்பித்தனர். 2012இல் ஷார்பெந்தியே, டௌட்னா ஆகியோர் இந்தக் கிரிஸ்பர் முறையை டிஎன்ஏவை வெட்டும் கருவியாக்கியதும், 2020 நோபல் பரிசும் சுருக்கமாக வந்தன, அது போதும்.

ஆனால் 1960களில் வெர்னர் ஆர்பர் விளக்கிய பழைய தற்காப்புக்குக் கால்மணி நேரமே கிடைத்தது பெரிய குறை. தன் டிஎன்ஏவில் மெத்தில் என்னும் வேதிக் குறியிட்டுக்கொண்டு, குறியற்ற அந்நிய டிஎன்ஏவை நொதியால் வெட்டும் அந்த முறை, முன்பு வந்த வைரஸை நினைவில் வைப்பதில்லை, கிரிஸ்பர் வைக்கிறது. இவ்வேறுபாட்டைச் சொல்லாததால், என் மகள் இரண்டையும் ஒன்றாகவே எழுதி வந்தாள். வகுப்பு தமிழில் நடந்தும், குறிப்புகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தரப்பட்டன. தமிழ்க் குறிப்பு தருவதாகச் சொன்னார்கள், கடைசி வரை வரவில்லை. கற்பித்தலுக்காக நிச்சயம் சேரலாம். தமிழ்க் குறிப்பு உண்டா என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.