சிங்கப்பூர் இபி: ஓசில கிடைக்கிற டூலுக்கு 4.5 ஸ்டார், வடபழனி ஏஜென்ட்டுக்கு ஒண்ணு கூட கிடையாது

போன வருஷம் சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (சுருக்கமா இபி, அங்க ப்ரொஃபஷனல் வேலை பாக்க வெளிநாட்டுக்காரங்களுக்கு குடுக்கற பர்மிட்) அலைஞ்ச கதைதான் இது, ரிவ்யூன்னு வெச்சுக்கோங்க. நான் பெனட்ரேஷன் டெஸ்டிங் (கம்பெனி சொல்லி அவங்க சிஸ்டத்தையே ஹேக் பண்ணி ஓட்டை இருக்கான்னு பாக்கறது) வேலை பாக்கறவன், வயசு 34, டிகிரி அண்ணா யுனிவர்சிட்டி. வயசை ஏன் சொல்றேன்னா இதுல வயசுதான் பாதி கதை.

முதல்ல போனது வடபழனி பக்கம் ஒரு கன்சல்டன்சி. பேர் வேண்டாம். ஏசி ரூம், சுவத்துல மெர்லயன் போட்டோ, டேபிள்ல குட்டி குட்டியா கொடி. உள்ள இருந்தவர் "சார் உங்க ப்ரொஃபைலுக்கு இபி கன்ஃபார்ம், மினிமம் சம்பளம் 5,600 வெள்ளி இருந்தா போதும், ஃபைல் ஓப்பன் பண்ண 25,000 ரூபா கட்டிருங்க"ன்னார். (வெள்ளின்னா சிங்கப்பூர் டாலர், சம்பளமெல்லாம் மாசக் கணக்கு.) நானும் ஜிபேல தட்டி விட்டுட்டு வந்துட்டேன், அப்ப என் கையில ஆஃபர் லெட்டரே கிடையாது, அதை அவரும் கேக்கல, எனக்கும் உறைக்கல.

இபிக்கு நம்மளா அப்ளை பண்ணவே முடியாது. வேலை குடுக்கற கம்பெனி பண்ணணும், இல்ல அந்த கம்பெனி சார்பா சிங்கப்பூர்ல லைசென்ஸ் வெச்சிருக்கற ஏஜென்சி பண்ணணும். வேலையே இல்லாம இபி ஃபைல்னு ஒண்ணு கிடையாது. அப்ப அவர் ஓப்பன் பண்ணது என்ன ஃபைல்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

இப்ப ஹீரோவுக்கு வருவோம். சிங்கப்பூர் மனிதவள அமைச்சோட சைட்ல செல்ஃப் அசெஸ்மென்ட் டூல்னு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது. வயசு, படிப்பு, சம்பளம், எந்த துறைன்னு போட்டா தேறுமா தேறாதான்னு ஓரளவுக்கு சொல்லிடும். எனக்கு முதல்ல வந்த ஆஃபர் மாசம் 8,600 வெள்ளி. வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்ப திறந்து ஆஃபர் லெட்டரை பக்கத்துல வெச்சு ஒவ்வொண்ணா போட்டேன். அதுல கேக்கறது ஃபிக்ஸட் மந்த்லி சேலரி, அதாவது பேசிக்கும் மாசா மாசம் மாறாம வர்ற அலவன்ஸும் மட்டும்தான். என் லெட்டர்ல 1,000 வெள்ளி பெர்ஃபார்மன்ஸ் பொறுத்துன்னு பொடி எழுத்துல இருந்துச்சு, அதை கழிச்சா 7,600. போட்டேன், தேறலன்னு வந்துச்சு. ஏன்னா 2025 ஜனவரில இருந்து அந்த 5,600 இருக்கே அது 23 வயசு பையனுக்கு, வயசு ஏற ஏற ஏறிட்டே போய் 45 வயசுல 10,700 வரைக்கும் நிக்குது, 34க்கு எட்டாயிரத்து நூத்திச் சொச்சம் வேணும். பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனின்னா இன்னும் ஜாஸ்தி, அங்க ஆரம்பமே 6,200. வடபழனிக்காரர் என் வயசையே கேக்கலங்கறது அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது கம்பெனில சம்பளம் பாஸ் ஆச்சு. அடுத்தது காம்பஸ், 2023 செப்டம்பர்ல கொண்டு வந்த மார்க் சிஸ்டம், 40 எடுத்தா பாஸ். (22,500 வெள்ளி சம்பளம்னா இந்த பரீட்சையே கிடையாது, அது நம்ம கணக்குல வராது.) சம்பளத்துக்கு 10, டிகிரிக்கு 10, உள்ளூர் ஆளுங்களுக்கு வேலை குடுக்கறதுக்காக கம்பெனிக்கு 10. நாலாவது டைவர்சிட்டி, அதுல முட்டை. ஆபீஸ்ல ப்ரொஃபஷனல் லெவல்ல இருக்கறவங்கள்ல உங்க நாட்டுக்காரங்க 25 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா சைபர்தான். நம்மாளுங்க நெறைய இருக்காங்க, பேச்சுத்துணைக்கு ஆச்சுன்னு சந்தோஷப்பட்ட அதே விஷயம் இங்க ஆப்பு வெச்சிருச்சு. மொத்தம் 30. காப்பாத்துனது ஷார்டேஜ் ஆக்குபேஷன் லிஸ்ட், அதாவது அங்க ஆள் பத்தாத வேலைங்களோட லிஸ்ட், என் வேலை அதுல இருக்கு. அதுக்கு 20 போனஸ், ஆனா உங்க நாட்டுக்காரங்க மூணுல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ இருந்தா 10தான். எனக்கு 10. கரெக்டா 40, பார்டர் பாஸ். ப்ளஸ் டூல கெமிஸ்ட்ரி தேறுன அதே ஃபீலிங்.

டூலுக்கு அரை ஸ்டார் குறைச்சது இங்கதான், கம்பெனி சைடு மார்க் கம்பெனி லாகின்லதான் சரியா தெரியும். எச்ஆர்கிட்ட வெக்கப்படாம கேளுங்க. எங்க எச்ஆர் ஒரு சிங்கப்பூர் தமிழ் அக்கா, "தம்பி, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, நல்லது"ன்னு ஸ்க்ரீனை ஷேர் பண்ணியே காட்டிட்டாங்க.

மிச்சத்தை சீக்கிரம் சொல்லிடறேன். கம்பெனி மைகரியர்ஸ்ஃப்யூச்சர்ங்கற சிங்கப்பூர் அரசு வேலைவாய்ப்பு சைட்ல 14 நாள் விளம்பரம் போட்டாங்க, டிகிரி வெரிஃபிகேஷன் எடுத்தாங்க (டிகிரி மார்க் வேண்டாம்னா இது தேவையில்ல, எனக்கு வேற வழியில்ல), அப்பறம் அவங்க வெச்ச சிங்கப்பூர் ஏஜென்சி ஆன்லைன்ல போட்டுச்சு. அப்ளிகேஷன் ஃபீஸ் 105 வெள்ளி, பாஸ் குடுக்கறப்ப 225, ரெண்டும் கம்பெனி கட்டுச்சு. பத்து வேலை நாள்னு சொன்னாங்க, எட்டாவது நாள் ஐபிஏ லெட்டர் (பாஸுக்கு கொள்கை அளவுல ஒப்புதல்) வந்துருச்சு, உள்ள நுழையறதுக்கான விசாவும் அதுலயே இருக்கு, தனியா எங்கயும் போய் நிக்க வேண்டாம். அந்த ஏஜென்சிக்கு அஞ்சுக்கு நாலு, ஒரே டாக்குமென்ட்ட மூணு தடவ கேட்டாங்க, மத்தபடி குறை இல்ல. உங்ககிட்ட வர்ற ஏஜென்சிக்கு லைசென்ஸ் நெசமா இருக்கான்னு அமைச்சு சைட்லயே தேடிப் பாத்துக்கலாம், நான் அதை வடபழனி போறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கணும்.

குடும்பத்தோட போறவங்களுக்கு ஒரு விஷயம், மனைவி குழந்தைக்கு பாஸ் வாங்க 6,000 வெள்ளி சம்பளம் போதும், அம்மா அப்பாவை கூட வெச்சுக்கணும்னா 12,000 வேணும். இதை அம்மாகிட்ட சொன்னப்ப "எனக்கு என்னடா டபுள் ரேட்டு"ன்னு கேட்டாங்க.

வடபழனிக்கு ரீஃபண்ட் கேட்டு போனேன். ரசீதை எடுத்து காட்டினார், "கன்சல்டேஷன் கட்டணம், திரும்பத் தரப்படாது"ன்னு அச்சாவே அடிச்சிருக்கு, கீழ என் கையெழுத்து. வெளிய வர்றப்ப சோஃபால ஒரு பையன் உக்காந்திருந்தான், கையில சர்டிபிகேட் ஃபைலு. ஆஃபர் லெட்டர் இருக்கான்னு கேட்டேன். இல்லண்ணேன்னான். கூட்டிட்டு போய் எதிர்ல டீக்கடைல வெச்சு, என் போன்லயே அந்த டூலை ஓப்பன் பண்ணி குடுத்தேன்.