டர்பன் பயணம்: தேதிப் பெட்டியைத் தாண்ட முடியவில்லை

லண்டனில் இருந்து டர்பன் வந்து சேர்ந்தது, சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டுச் சாப்பாடு, கோயில், கடைத்தெரு எல்லாம் வழக்கம்போல நன்றாகவே இருந்தது. அதை விடுங்கள். ஜோகன்னஸ்பர்கில் இருக்கும் மாமாவைப் பார்த்துவர ஒரு பஸ் டிக்கெட் எடுக்க நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கண்பார்வை கிடையாது. கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக். திரையில் இருப்பதை அவை வாசிக்கும், நான் கீபோர்டிலும் விரலிலும் நகர்ந்து போவேன். லண்டனில் ரயில் டிக்கெட், பேங்க், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாமே இப்படித்தான், யார் துணையும் இல்லாமல்.

பஸ் கம்பெனி தளத்தில் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. முகப்பில் இருந்த படங்களுக்கெல்லாம் விவரம் எழுதியிருந்தார்கள். மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கிறதாம். சரி, புறப்படும் ஊர், சேரும் ஊர் போட்டாயிற்று. அடுத்தது தேதி. டைப் அடித்தால் ஏறவில்லை. என்டர் தட்டினால் திரையில் காலண்டர் திறக்கிறது என்று அக்கா சொன்னாள். ஆனால் கீபோர்டில் டேப் கீயைத் தட்டி அதற்குள் போக வழியில்லை, மவுஸால் மட்டும்தான் தொட முடியும். அக்காவே தேதியை அழுத்திக் கொடுத்தாள். அப்புறம் சீட். "கிளிக்கபிள், கிளிக்கபிள், கிளிக்கபிள்" என்று என்விடிஏ சொல்லிக்கொண்டே போனது. நம்பர் இல்லை, காலியா இல்லையா தெரியவில்லை, ஜன்னல் ஓரம் எது என்று தெரியவில்லை. நான் தடவிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து, போட்டது எல்லாம் அழிந்துபோனது. நேரம் முடியப்போகிறது என்று சிவப்பு எழுத்தில் வந்ததாம். என் காதுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

கடைசியில் டிக்கெட்டை அக்காதான் எடுத்தாள். முன்பெல்லாம் டவுனில் கவுண்டருக்குப் போய் "ஜன்னல் பக்கம் ஒரு சீட்" என்றால் ரசீது கையில் வந்துவிடும். அங்கே என் கண் யாருக்கும் பிரச்சினையாக இருந்ததே இல்லை. இப்போது கவுண்டரையும் மூடிவிட்டார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த தம்பி மரியாதையாகவே பேசினார். படங்களுக்கு விவரம் எழுதி முடித்துவிட்டார்களாம், தேதிப் பெட்டி அடுத்த கட்டமாம். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த உலகம் முழுக்கப் பின்பற்றும் டபிள்யூசிஏஜி விதிகளில் படத்துக்கு விவரம் தருவதும் 'ஏ' என்ற அடிப்படை நிலை, கீபோர்டில் எல்லாம் இயங்க வேண்டும் என்பதும் அதே 'ஏ' நிலை. அந்த எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதை முதலில் சரிசெய்வது என்று முடிவு செய்ய முடியாது. வந்தவன் எந்த வேலைக்கு வந்தான், எந்த இடத்தில் நின்றுபோனான் என்று பார்க்க வேண்டும். மலைப்படத்துக்கு விவரம் இல்லாவிட்டாலும் நான் ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்திருப்பேன்.

பிரிட்டனிலும் எல்லாத் தளமும் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2018 விதிகளின்படி அங்கே அரசுத் தளங்கள் எது வேலை செய்யவில்லை, யாரிடம் புகார் சொல்வது என்று எழுதிப் போட்டே ஆக வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமில்லாமல் குறுக்கே நிற்கும் தடைகளை நீக்காமல் விடுவதும் பாகுபாடுதான் என்று 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே சொல்கிறது.

கம்பெனிக்கு விரிவாகவே எழுதி அனுப்பியிருக்கிறேன். தேதியை டைப் அடிக்கிற மாதிரி சாதாரணப் பெட்டியாக வையுங்கள். ஒவ்வொரு சீட்டையும் நம்பரும் காலியா என்பதும் சொல்லும் பட்டனாக்குங்கள். நேரம் முடியும் முன் குரலில் கேட்கும்படி சொல்லி, கூடுதல் நேரம் கேட்க வழி கொடுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் தப்பு வந்தால் எந்தப் பெட்டியில் என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. என்விடிஏ இலவசம், 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே தொடங்கியது. அதை இறக்கி, மானிட்டரை அணைத்துவிட்டு, டிசைனர் ஒரு டிக்கெட் எடுத்துப் பார்க்கட்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.