எந்த டிகிரி முடித்திருந்தாலும் ‘2 ஆண்டில் நர்ஸ்’ ஆக்குகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

பி.காம்., பி.எஸ்சி., பி.இ. என்று ஏதோ ஒரு டிகிரியை முடித்து, சில வருடம் வேலையும் பார்த்துவிட்டு, இனி நர்சிங் படிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். “எந்த டிகிரி முடித்திருந்தாலும் 2 ஆண்டில் நர்ஸ் ஆகலாம், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், வயது தடையில்லை” என்று உங்கள் போனிலும் ஒரு விளம்பரம் வந்திருக்கலாம். இந்தியாவில் அப்படி ஒரு நர்ஸ் படிப்பே கிடையாது. அதைச் சொல்லி என்னிடம் 60,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கப் போலீஸ் வரை போக வேண்டியிருந்தது.

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். பி.காம். முடித்துவிட்டு ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவரோடு கோயம்புத்தூர் போய் வந்ததில்தான் நர்ஸ் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மெஷினில் அலாரம் அடித்தால் அந்த யூனிட்டில் இருந்த சிஸ்டர் முதலில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் கையில் ஊசி ஏற்றியிருக்கும் இடம். அதற்குப் பிறகுதான் மெஷின். இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அங்கேதான் ஆசை பிடித்தது. எனக்கு அப்போது 29 வயது. வீட்டுக்காரரும் அத்தையும் சரி என்றார்கள்.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கன்சல்டன்சிக்கு வரச் சொன்னார்கள். அங்கிருந்த கவுன்சிலர் நன்றாகப் பேசினார். “பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களுக்குத்தாங்க மேடம் நாலு வருஷம். நீங்க டிகிரி ஹோல்டருங்க. உங்களுக்கு லேட்ரல் என்ட்ரி, ரெண்டே வருஷம்.” பிளஸ் டூவில் நான் காமர்ஸ் குரூப், பரவாயில்லையா என்று கேட்டேன். டிகிரி இருந்தால் பிளஸ் டூவை யாரும் பார்ப்பதில்லை என்றார். கவர்ன்மென்ட் வேலைக்கு ஆகுமா, வெளிநாடு போகலாமா என்றும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

அந்தத் தாள்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முழுப் பொய்யாக இருந்தால் யாரும் பணம் கட்டப் போவதில்லை. அவர் காட்டிய ஒவ்வொன்றும் வேறு எங்கேயோ உண்மையாக இருப்பதுதான்.

முதலில், நாடு முழுவதும் நர்சிங் படிப்புகளுக்கு விதி வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பெயர் போட்ட ஒரு அச்சுத் தாளைக் காட்டினார். ‘போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங், 2 ஆண்டுகள்’ என்று இருந்தது. அந்தப் படிப்பு நிஜமாகவே உண்டு. ஆனால் அது ஏற்கெனவே ஜி.என்.எம். எனப்படும் நர்சிங் டிப்ளமோவை முடித்து, கவுன்சிலில் பதிவும் செய்த நர்ஸ்களுக்கானது. தங்கள் டிப்ளமோவைப் பட்டமாக உயர்த்திக்கொள்ள அவர்கள் படிக்கும் 2 வருடம் அது. பி.காம். படித்தவருக்கு அந்த வாசல் திறக்காது. தகுதி என்ன என்று எழுதியிருக்கும் பக்கம் அவர் கையில் இருந்த தாளில் இல்லை.

அடுத்து அமெரிக்காவைச் சொன்னார். அங்கே வேறு பட்டம் பெற்றவர்கள் ஒன்றரை வருடத்திற்குள் பி.எஸ்சி. நர்சிங் முடிக்கிறார்கள், அந்த முறை இங்கேயும் வந்துவிட்டது என்றார். அங்கே இருப்பது உண்மை. அதில் சேரவே உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்ற பாடங்களை லேபோடு முன்னாலேயே படித்துத் தேறியிருக்க வேண்டும். முடித்த பிறகு என்கிளெக்ஸ் என்ற தேர்வில் தேறினால்தான் லைசென்ஸ். அந்த முறை இந்தியாவுக்கு வரவில்லை.

கடைசியாக, “2023ல புதுச் சட்டமே வந்துடுச்சுங்க மேடம், பழைய கவுன்சில் ரூல் எல்லாம் இனிமே செல்லாது” என்றார். தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவி ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியது உண்மைதான். 1947-ஆம் வருடத்து நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த சட்டம் அது. அதிலும் தேசியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு எல்லாம் இருக்கின்றன. பதிவே இல்லாமல் ஒருவரை நர்ஸ் ஆக்கும் சட்டம் இல்லை.

மொத்தக் கட்டணம் 1,80,000 ரூபாய், முன்பணம் 60,000 என்றார்கள். ஜிபேயில் ஒரு தனி நபரின் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது ஒரு டிரஸ்ட் பெயரில் வந்தது. அதில் ‘கல்விக் கட்டணம்’ என்று எங்கும் இல்லை, ‘நன்கொடை’ என்று இருந்தது. கேட்டதற்கு, வரி விஷயம், எல்லாக் காலேஜிலும் இப்படித்தான் என்று பதில். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், டி.சி., டிகிரி சான்றிதழ் மூன்றையும் ‘வெரிஃபிகேஷன்’ என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

படிப்பு நடந்த இடம் ஒரு கடைக் கட்டடத்தின் மாடி. வாசலில் ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று பெரிய போர்டு. இதைப் பற்றி எல்லோருக்கும் சொல்லுங்கள். டிரஸ்ட்டை யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். அந்தப் பதிவு எண்ணைத்தான் அரசு அங்கீகாரம் மாதிரி போர்டில் எழுதுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் அப்படித்தான், நர்சிங் கற்றுக்கொடுக்கும் அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வகுப்பு பேருக்கு நடந்தது. பி.டி.எஃப். நோட்ஸ் அனுப்புவார்கள், ஒருவர் வந்து அதையே வாசிப்பார். ஊசி போடப் பழகும் பொம்மை கை ஒன்றுகூட அங்கே இல்லை. சில வாரங்களில் ‘கிளினிக்கல் போஸ்டிங்’ என்று ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். படுக்கை விரிப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பெட்பேன் வைப்பது, நைட் டியூட்டியில் உட்காருவது, இதுதான் வேலை. அவை மோசமான வேலைகள் இல்லை. நர்ஸ் ஆகிறவர் எல்லாம் அவற்றைச் செய்துதான் கற்றுக்கொள்கிறார். ஆனால் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாருமே இல்லை. சம்பளமில்லாத ஆட்களாகத்தான் எங்களை வைத்திருந்தார்கள். அதற்கு ஆஸ்பத்திரி அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது என்று அங்கே பேசிக்கொண்டார்கள். முறையான நர்சிங் பள்ளிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பது நர்சிங் கவுன்சிலின் விதி. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அங்கே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா இருந்தார். ஒரு ராத்திரி டியூட்டியில், “பாப்பா, உங்களுது எம்.ஜி.ஆர். யுனிவர்சிட்டிங்களா, இல்ல ஜி.என்.எம்.ங்களா?” என்று கேட்டார். 2 வருடக் கோர்ஸ் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. தன் போனில் இருந்த பதிவுச் சான்றிதழைக் காட்டினார். மேலே தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் பெயர், அவருடைய போட்டோ, ஆர்.என்., ஆர்.எம். என்று நர்ஸுக்கும் மகப்பேறுப் பணிக்கும் பதிவு எண். “இந்த நம்பர் உங்களுக்கு வராது கண்ணு. இது இல்லாம யாரும் ஸ்டாஃப் நர்ஸ்னு எடுக்க மாட்டாங்க” என்றார்.

விடிந்ததும் பார்த்தேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநில வாரியாக, படிப்பு வாரியாகப் பள்ளி, கல்லூரிப் பட்டியல் இருக்கிறது. அதில் எங்கள் நிறுவனம் இல்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலிலும் இல்லை. சென்னையில் மாநிலக் கவுன்சில் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். அப்படி ஒரு பெயரே பதிவில் இல்லை என்றார்கள்.

ஆபீஸில் போய்க் கேட்டபோது என் விண்ணப்பத்தையே எடுத்து நீட்டினார்கள். அடியில் சின்ன எழுத்தில் ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டன்ட்’ என்று இருந்தது. “நாங்க ஸ்டாஃப் நர்ஸ்னு எங்கயும் எழுதலைங்களே மேடம்.” விளம்பரத்தில் ‘நர்ஸ்’, வாயால் சொன்னது ‘பி.எஸ்சி.’, காகிதத்தில் ‘அசிஸ்டன்ட்’. என்னோடு படித்தவர்களில் ஒரு பெண் பி.இ. முடித்து, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். கணவரை இழந்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒரு அக்காவும் இருந்தார். நர்சிங் அசிஸ்டன்ட் வேலைக்கு மரியாதை உண்டு. அந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே? அரசு வேலையையும் வெளிநாட்டையும் காட்டி எதற்கு இந்தப் பெண்களின் பணத்தைப் பிடுங்க வேண்டும்? நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் பணிக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., கவுன்சில் பதிவைக் கேட்கும். வளைகுடா நாடுகளுக்குப் போவதென்றால் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. அவர்கள் நேராகக் கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் எழுதிக் கேட்பார்கள். மாடிக்கட்டடச் சான்றிதழ் அங்கேயே நின்றுவிடும்.

சான்றிதழ்களைக் கேட்டால் மீதி 1,20,000 ரூபாயைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். இந்த இடத்தில் நிறையப் பேர் பயந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கட்ட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளே மாணவரின் ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்கை போட்டிருக்கிறது. நான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு காவல் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், நன்கொடை ரசீது, விளம்பரத்தின் வீடியோ, வாட்ஸ்அப்பில் கவுன்சிலர் அனுப்பிய குரல் பதிவு எல்லாம் சேர்த்தேன். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) போட்டு அவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டதும் சான்றிதழ்கள் வந்துவிட்டன. பணம் வரவில்லை. தருகிறோம் என்று எழுதிக் கொடுத்ததோடு சரி.

பணத்துக்காகக் கன்சல்டன்சி மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். கல்வி நிறுவனத்தின் மீது நுகர்வோர் வழக்கு நிற்குமா என்பதில் நீதிமன்றங்களிலேயே ஒத்த கருத்து இல்லையாம். அதனால்தான் ஆள் பிடித்துக் கொடுத்த கன்சல்டன்சியை முதல் எதிர்த்தரப்பாகச் சேர்க்கச் சொன்னார் வக்கீல்.

சரி, டிகிரி முடித்தவர்களுக்கு உண்மையான வழி என்ன? டிகிரியால் ஒரு வருடம்கூடக் குறையாது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் படிப்பில் சேரலாம் என்பதைத் தீர்மானிப்பது பிளஸ் டூவில் எடுத்த குரூப். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து அவற்றில் 45 சதவீதம் இருந்தால் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்குச் சலுகை உண்டு) 4 வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்கலாம். பயோ-மேத்ஸ் எடுத்துவிட்டு இன்ஜினியரிங் போனவர்கள் பலருக்குத் தங்களுக்கு இந்த வழி இன்னும் திறந்திருப்பதே தெரியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த இன்ஜினியருக்கும் என்னைப் போன்ற காமர்ஸ்காரருக்கும் பி.எஸ்சி. கிடையாது. எங்களுக்கு 3 வருட ஜி.என்.எம். இருக்கிறது. நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் எந்தக் குரூப்பும் இருக்கலாம், ஆங்கிலம் படித்து 40 சதவீதம் வேண்டும், வயது 17-லிருந்து 35-க்குள். அதை முடித்துப் பதிவும் செய்துவிட்டால், கன்சல்டன்சியில் காட்டிய அந்த 2 வருடப் போஸ்ட் பேசிக் படிப்பின் பக்கம் நியாயமாகவே போகலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்பதையும் நம்ப வேண்டாம். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். செய்முறைப் பயிற்சியில் விட்டுப்போன நாட்களை ஈடுகட்டி 100 சதவீதம் முடித்தால்தான் சான்றிதழ். என் விஷயம் தெரிந்து இன்னொரு ஏஜென்ட், பெங்களூரில் சேர்த்துவிடுகிறேன், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று பேசினார். வார்டில் நிற்காமல் நர்ஸ் ஆனவர் கையில் என் அப்பாவைக் கொடுப்பேனா? போனை வைத்துவிட்டேன்.

இப்போது சொந்த ஆஸ்பத்திரி உள்ள ஒரு பள்ளியில் ஜி.என்.எம். முதல் வருடம் படிக்கிறேன். சேரும் முன் நர்சிங் கவுன்சில் பட்டியலில் பெயரையும் இடங்களின் எண்ணிக்கையையும் பார்த்தேன், மாநிலக் கவுன்சிலிலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கட்டணத்தைப் பள்ளியின் வங்கிக் கணக்கில்தான் கட்டினேன்.

அந்த விளம்பரம் வேறு பெயரில் மறுபடி ஓடுகிறது. முன்பணம் கட்டிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உடனே போய்ச் சண்டை போடாதீர்கள். முதலில் விளம்பரத்தையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் சேமித்துக்கொள்ளுங்கள், கேள்வி வந்ததும் அழித்துவிடுகிறார்கள். அடுத்ததாக ஒரிஜினல்களை வெளியே எடுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு. நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.